சைபர்பங்க் 2077: ஊர் பெரிது, வேலை ஒன்றே (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இது எந்த கேம்? கதையைக் கொஞ்சம் சொல்லுங்கள்.

போலந்தின் வார்சா நகரில் இருக்கும் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் உருவாக்கி, 2020 டிசம்பர் 10 அன்று வெளியிட்ட கேம். மைக் பாண்ட்ஸ்மித் 1988-இல் கொண்டுவந்த 'சைபர்பங்க்' என்ற மேசை விளையாட்டுதான் இதற்கு மூலம். தாளும் பகடையும் வைத்துக்கொண்டு நண்பர்கள் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகவே மாறி ஆடுகிற ரோல்-பிளேயிங் வகை அது.

கதை கலிபோர்னியாக் கரையில் இருக்கும் நைட் சிட்டி என்ற கற்பனை நகரத்தில் 2077-ஆம் ஆண்டில் நடக்கிறது. நாம் 'வி' என்ற கூலிப்படை ஆள். ஆணா பெண்ணா என்பது நம் விருப்பம். கூட்டாளி ஜாக்கி வெல்ஸுடன் சேர்ந்து அரசாக்கா என்ற ராட்சத நிறுவனத்தின் சிப் ஒன்றைத் திருடப் போகிறோம். திருட்டு சொதப்புகிறது. ஜாக்கி சாகிறான். சிப் வி-யின் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதில் 2023-இல் இறந்துபோன ராக் பாடகன் ஜானி சில்வர்ஹேண்டின் மனம் பதிவாகி இருக்கிறது. அவனாக நடித்திருப்பவர் கியானு ரீவ்ஸ். நாளாக ஆக அவன் வி-யின் மூளையைப் பிடித்துக்கொண்டே வருகிறான். வி-க்கு உயிர் பிழைக்க அவகாசம் குறைவு.

இந்த 'அவகாசம் குறைவு' என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இந்த கேம் ஏமாற்றம் தந்தது என்கிறீர்களே, பக்குகளை, அதாவது நிரல் பிழைகளைத்தானே சொல்கிறீர்கள்? அதையெல்லாம் எப்போதோ சரிசெய்துவிட்டார்களே?

பெரும்பாலும் சரிசெய்துவிட்டார்கள். அதற்கு உழைத்தவர்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தப் பக்கம் பக்குகளைப் பற்றியது அல்ல.

வெளியான வாரத்தில் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல்களில் (டிவியில் இணைத்து ஆடும் கேம் கருவிகள்) இது ஓடிய அழகை உலகமே பார்த்தது. ஆட்கள் கையை விரித்தபடி உறைந்து நின்றார்கள், கார்கள் தரைக்குள் புதைந்தன, கேம் பாதியில் நின்றுபோனது. அந்தச் சத்தத்தில் இன்னொரு குறை யார் காதிலும் விழவில்லை. நல்ல கம்ப்யூட்டரில், ஒரு பக்கும் இல்லாமல், பளபளவென்று ஓடினாலும் முப்பது மணி நேரம் கழித்து ஒரு சலிப்பு வந்து உட்கார்ந்துவிடும். செய்ததையே செய்கிறோம் என்ற சலிப்பு. பக் என்பது பேட்ச் எனும் திருத்தத்தைப் போட்டால் போகும். இது கேமின் அமைப்பிலேயே இருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய வருத்தம், ஏனென்றால் இவ்வளவு அழகான ஒரு நகரத்தை வேறு எந்த கேமிலும் நான் பார்த்ததில்லை.

'ஒரே மாதிரி' என்று பொதுவாகச் சொன்னால் எப்படி? ஓர் உதாரணம்?

சரி, ஒன்றை நுணுக்கமாகப் பார்ப்போம்.

நைட் சிட்டியின் வாட்சன் பகுதியில் கார் ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். போன் அடிக்கிறது. அந்த வட்டாரத்தின் ஃபிக்ஸர் ரெஜினா ஜோன்ஸ். ஃபிக்ஸர் என்றால் வேலை கொடுப்பவருக்கும் கூலிப்படைக்கும் நடுவில் நிற்கும் தரகர். 'இந்த இடத்தில் இன்ன வேலை இருக்கிறது, விவரம் அனுப்பியிருக்கிறேன்' என்று இரண்டு மூன்று வாக்கியம் பேசிவிட்டு வைத்துவிடுகிறார். மெசேஜ் வருகிறது. பெரும்பாலானவர்கள் அதைப் படிப்பதில்லை, ஏனென்றால் மேப்பில் புள்ளி விழுந்துவிட்டது.

இடத்துக்குப் போகிறீர்கள். ஒரு கிடங்கு, அல்லது கிளப், அல்லது கிளினிக். முன்வாசலில் காவல். பக்கத்தில் உடல் வலு இருந்தால் பிளந்து திறக்கிற கதவு. பின்பக்கம் தொழில்நுட்பத் திறன் இருந்தால் திறக்கிற கதவு. எங்காவது ஒரு ஏணி, கூரையில் ஒரு துவாரம். உள்ளே கேமராக்கள். ஒன்றை ஹேக் செய்தால் எல்லாரும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பின்னால் போய்க் கழுத்தை நெரிக்கலாம், சுடலாம், தூரத்தில் இருந்தே ஒவ்வொருவர் மூளையையும் சூடாக்கி விழவைக்கலாம். கடைசி அறையில் எடுக்க வேண்டிய பொருள், அல்லது கொல்ல வேண்டிய ஆள், அல்லது தூக்கிக்கொண்டு வர வேண்டிய ஆள். முடிந்ததும் திரையில் 'இந்த இடத்தைவிட்டு வெளியேறு' என்று வரும். பத்தடி தள்ளி வந்தால் ஃபிக்ஸர் மறுபடி பேசுவார், கணக்கில் பணம் ஏறும்.

முதல் முறை அருமை. ஐந்தாவது முறையும் நன்றாகத்தான் இருக்கிறது, புது வழியில் நுழைந்து பார்க்கிறோம். ஊர் முழுக்க இப்படி எத்தனையோ. வெஸ்ட்புரூக்கில் வகாகோ ஒகாடா, ஹேவுட்டில் பாத்ரே, சாண்டோ டொமிங்கோவில் எல் கேப்பிட்டன், பாலைவனப் பக்கம் டகோட்டா ஸ்மித் என்று குரல் மாறுகிறது. வேலை மாறுவதில்லை.

இதற்கும் கீழே ஒரு படி உண்டு. நைட் சிட்டி போலீஸின் ரேடியோவில் வரும் 'குற்றம் நடக்கிறது' வகை ஐகான்கள். தெருவோரம் நாலைந்து ரவுடிகள் நிற்பார்கள். ஒருவன் காரில் சாய்ந்திருப்பான், ஒருவன் கீழே கிடக்கிறவனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பான். எல்லாரையும் சுட வேண்டும். பக்கத்தில் ஒரு பெட்டி, ஒரு பிணம், பிணத்தின் மேல் ஷார்டு எனப்படும் தகவல் சில்லு. அதைத் திறந்தால் இரண்டு பேர் பேசிக்கொண்ட உரையாடல். 'சரக்கு எங்கே', 'நாளைக்குள் பணம் வராவிட்டால் பார்த்துக்கொள்' என்ற ரீதியில். பணம் வரும், துப்பாக்கிகள் கிடைக்கும். அடுத்த தெருவில் அதே காட்சி, வேறு சட்டை போட்ட கும்பல்.

அந்த ஷார்டுகளை எழுதியவர்களை நினைத்தால்தான் மனசு கஷ்டமாக இருக்கிறது. பலவற்றில் நல்ல சின்னக் கதைகள் இருக்கின்றன: கடனில் மாட்டிக்கொண்ட ஒருவன், தங்கையைத் தேடி வந்த ஒருத்தி. ஆனால் கதை முடிந்து, ஆள் செத்து, பிணத்தின் பையில் இருந்து அதை எடுத்துப் படிக்கிறோம். நடக்கும்போது நாம் அங்கே இல்லை. வந்து சுட்டதோடு சரி.

சைபர்சைக்கோ வேட்டையாவது சுவாரஸ்யமாக இருக்காதா?

இருந்திருக்க வேண்டும். கேமின் மையக் கருத்தே அதில்தான் இருக்கிறது. உடம்பில் அளவுக்கு மீறி இயந்திரம் பொருத்திக்கொண்டவர்கள் மனம் பிறழ்ந்து கண்ணில் பட்டவர்களைக் கொல்லத் தொடங்குவதைத்தான் சைபர்சைக்கோசிஸ் என்கிறார்கள். ரெஜினா இவர்களைக் கொல்லாமல் பிடித்துக் கொடுக்கச் சொல்கிறார், சிகிச்சை கொடுக்க முடியுமா என்று பார்க்கத்தான். மொத்தம் 17 பேர்.

இந்த 17-உம் ஏறக்குறைய ஒரே அச்சு. இடத்துக்குப் போ, சிதறிக் கிடக்கும் உடல்களைப் பார், சைக்கோ பாய்ந்து வருவான், அவன் உயிரின் அளவைக் காட்டும் பெரிய ஹெல்த் பாரைக் கரை, ஷார்டைப் படி, ரெஜினாவுக்கு மெசேஜ் அனுப்பு. வாட்சனின் வடக்குப் பகுதியில் மேல்ஸ்ட்ரோம் கும்பல் நடத்திய சடங்கு ஒன்று வரும். ரத்தத்தில் கோலம், நடுவில் நடுங்க வைக்கிற அமைதி. அந்த இடத்துக்கு நடந்து போகும் அந்த ஒரு நிமிடம் உண்மையிலேயே பயமாக இருக்கும். அப்புறம் அதே சண்டை. 17 பேரில் ஒருவரிடமாவது உட்கார்ந்து பேசவோ, பழைய வீட்டுக்கு அழைத்துப் போகவோ வழி வைத்திருந்தால், ரெஜினா சொல்லும் 'கொல்லாதே' என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை வந்திருக்கும்.

இஷ்டம்போல் ஊர் சுற்றவிடும் எல்லா ஓபன் வேர்ல்டு கேமிலும் இப்படித்தானே? இதை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

நியாயமான கேள்வி. இதே நிறுவனத்தின் 'தி விட்சர் 3'-இலும் ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றி, மேப்பில் கடல் முழுக்கக் கேள்விக்குறிகள் மிதக்கும். படகில் போய், தண்ணீரில் கிடக்கும் பீப்பாய்களை அள்ளிக்கொண்டு வர வேண்டும். அதை யாரும் ரசித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அங்கே அரக்கப் பிராணிகளை வேட்டையாடும் ஒப்பந்த வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு கிராமம், ஓர் அழுகை, ஒரு பொய் இருந்தது. யாரோ ஒருவரிடம் நின்று பேசித்தான் வேலை தொடங்கும், கூலியைப் பேரம் பேசுவோம். சைபர்பங்கில் அந்த இடத்தில் போன் வந்துவிட்டது. முகம் பார்த்துத் தொடங்க வேண்டியது குரலோடு முடிந்துவிடுகிறது.

இன்னொன்று. ஒரே வேலை திரும்ப வருவது மட்டுமே குற்றமில்லை என்பதற்குச் சாட்சி இந்த கேமுக்குள்ளேயே இருக்கிறது. டெலமெய்ன் என்ற செயற்கை அறிவு டாக்ஸி கம்பெனி நடத்துகிறது. அதன் ஏழு டாக்ஸிகள் சொன்ன பேச்சு கேட்காமல் ஓடிவிட்டன, கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஏழும் ஒரே வேலை. ஆனால் ஒரு கார் வாழப் பிடிக்காமல் விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறது, அதோடு பேசி மனதை மாற்ற வேண்டும். இன்னொன்றுக்கு பிளாஸ்டிக் ஃபிளமிங்கோ பொம்மைகளைக் கண்டாலே ஆகாது, அவற்றை இடித்துத் தள்ளினால்தான் வீடு திரும்பும். இன்னொன்று பயந்த சுபாவம், மெதுவாகப் பின்னால் போக வேண்டும். ஏழு முறை ஒரே காரியம் செய்கிறோம், ஏழு பேரைச் சந்தித்த மாதிரி இருக்கிறது. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் மற்றதை அப்படியே விட்டதுதான் ஆற்றாமை.

நேரம் குறைவு என்று கதை சொல்கிறதே, அப்புறம் எப்படி இவ்வளவு சில்லறை வேலை?

அதேதான். முதல் கேள்வியில் நினைவில் வைக்கச் சொன்னது இதற்காக. வி ரத்தம் கக்குகிறான், டாக்டர் 'சில வாரங்கள்தான்' என்கிற மாதிரி பேசுகிறார். அடுத்த நிமிடம் யாரோ ஃபிக்ஸர் 'நல்ல கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது' என்று மெசேஜ் அனுப்புகிறார். வெளியான காலத்தில் இந்த கார் விற்பனை மெசேஜ்கள் வேலைப் பட்டியலிலேயே போய் உட்கார்ந்துகொண்டன, சாகப் போகிறவனுடைய வேலைப் பட்டியலில். பின்னால் வந்த அப்டேட்டில் கார் வாங்குவதைத் தனி இணையப் பக்கத்துக்கு மாற்றி நிம்மதி கொடுத்தார்கள்.

கதையின் வேகமும் மேப்பின் வேகமும் ஒன்றையொன்று இழுக்கின்றன. மெயின் ஸ்டோரியை மட்டும் ஆடினால் சுமார் 25 மணி நேரம். விட்சர் 3-ஐப் பலர் முடிக்காமலே விட்டதால் இதில் மெயின் ஸ்டோரியைச் சுருக்கினோம் என்று உருவாக்கியவர்களே முன்பு சொன்னார்கள். மீதி நேரத்தை நிரப்பத்தான் இந்த ஐகான் காடு.

இது உண்மையில் ரோல்-பிளேயிங் கேம்தானா?

பாதி. தொடக்கத்தில் மூன்று வாழ்க்கைப் பின்னணி உண்டு: பாலைவன நாடோடி, தெருப்பிள்ளை, கார்ப்பரேட் ஆள். ஒவ்வொன்றுக்கும் தனித் தொடக்கம், அரை மணி நேரம் போல. அப்புறம் வி-யும் ஜாக்கியும் ஆறு மாதம் ஊரில் சேர்ந்து திரிந்ததை வேகமாக ஓடும் காட்சித் தொகுப்பாகக் காட்டிவிடுகிறார்கள். மூன்று பாதையும் ஒரே சாலையில் வந்து சேர்ந்துவிடும். அதன் பிறகு பின்னணி என்பது உரையாடலில் அவ்வப்போது கூடுதலாக ஒரு வரி.

அந்த ஆறு மாதத்தை ஆடக் கொடுத்திருக்க வேண்டும். ஜாக்கி யார், அவன் அம்மா எப்படிப்பட்டவர், இந்த ஊரில் முதல் கூலி வாங்கியபோது எப்படி இருந்தது என்பதெல்லாம் அங்கேதான் இருந்தது. நண்பனாகப் பழகவிட்டுப் பறித்திருந்தால் அவன் சாவு இன்னும் பத்து மடங்கு வலித்திருக்கும்.

பாண்ட்ஸ்மித்தின் மேசை விளையாட்டில் நீங்கள் பாடகனாக, பத்திரிகையாளராக, மருத்துவராக, தரகராக ஆடலாம். இங்கே எல்லா வி-யும் கூலிப்படைதான். துப்பாக்கி, கத்தி, ஹேக்கிங் என்று கொல்லும் விதம் மாறலாம், வாழும் விதம் மாறாது. வெளியீட்டுக்கு முன்பே நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கில் இந்த கேமை 'ஓபன் வேர்ல்டு ஆக்‌ஷன் அட்வென்ச்சர்' என்று மாற்றி எழுதியதைப் பலர் கவனித்தார்கள். அது நேர்மையான விவரிப்பு. விளம்பரம் பார்த்து வந்தவர்கள் எதிர்பார்த்தது வேறு.

அதே சமயம் உரையாடல் எழுத்தில் ரோல்-பிளேயிங் உயிரோடு இருக்கிறது. முடிவுகள் பல, ஒவ்வொன்றும் வேறு மாதிரி கனக்கும்.

ஏன் இப்படி ஆனது?

2012-இல் அறிவித்தார்கள். 2013 ஜனவரியில் முதல் டீசர். ஆனால் அப்போது நிறுவனத்தின் கைகள் விட்சர் 3-இல் இருந்தன. அதன் கடைசி விரிவாக்கம், அதாவது கூடுதல் கதைப் பகுதி, 2016-இல் முடிந்த பிறகுதான் முழு வேலை தொடங்கியது என்று 2021 ஜனவரியில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் எழுதியது. 2018 ஆகஸ்டில் 48 நிமிட ஆட்டக் காட்சியை வெளியிட்டார்கள். அதுவே காட்டுவதற்காகத் தயாரித்ததுதான் என்பது அந்தக் கட்டுரையின் குற்றச்சாட்டு. ஸ்டுடியோ தலைவர் ஆடம் படோவ்ஸ்கி அதை மறுத்தார். யார் சொல்வது சரி என்றாலும், அந்தக் காட்சியில் சுவரில் கத்தி குத்தித் தொங்கியதும் சுவரில் ஓடியதும் வெளியான கேமில் இல்லை.

தேதி மூன்று முறை தள்ளிப்போனது: முதலில் சொன்னது 2020 ஏப்ரல் 16, பிறகு செப்டம்பர் 17, நவம்பர் 19, கடைசியில் டிசம்பர் 10. அக்டோபர் தொடக்கத்தில் 'கேம் தயார்' என்று அறிவித்துவிட்டு, அதே மாதக் கடைசியில் மறுபடி தள்ளினார்கள். கட்டாய ஓவர்டைம் இருக்காது என்று 2019-இல் சொன்ன நிறுவனம், கடைசிக் கட்டத்தில் வாரம் ஆறு நாள் வேலை வைத்தது. புது தலைமுறை கன்சோலுக்கு ஏற்ற அடர்த்தியான ஊரை 2013-இல் வந்த பழைய கன்சோலிலும் ஓட வைக்கப் பார்த்தார்கள். இந்த அவசரத்தில் முதலில் அடிபடுவது எது? கையால் ஒவ்வொன்றாகச் செதுக்க வேண்டிய சின்ன வேலைகள். அச்சு ஒன்று தயாரித்து ஊர் முழுக்கக் குத்துவது சுலபம். இந்தக் கடைசி வரி என் ஊகம், ஆனால் ஆடிப் பார்த்த எவருக்கும் அந்த அச்சு கண்ணில் படும்.

வெளியான பிறகு கன்சோலில் என்னதான் நடந்தது?

சுருக்கமாக: முன்பதிவு மட்டும் 80 லட்சம். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கம்ப்யூட்டர் பதிப்பை மட்டுமே கொடுத்தார்கள், சொந்தமாகப் பதிவுசெய்த காட்சிகளைக் காட்டவும் அப்போது விடவில்லை. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் கம்ப்யூட்டர் பதிப்புக்கு நூற்றுக்கு 86, பிஎஸ்4 பதிப்புக்கு 57. ஒரே வாரத்தில் சோனி இதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்தே எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூன் 21 அன்றுதான் மறுபடி கடைக்கு வந்தது. இணை நிறுவனர் மார்சின் இவின்ஸ்கி 2021 ஜனவரியில் வீடியோவில் மன்னிப்புக் கேட்டார். அமெரிக்காவில் முதலீட்டாளர்கள் போட்ட வழக்கை 18.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்தார்கள்.

2.0 அப்டேட்டுக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்கிறார்களே?

நிறைய மாறியது. 2023 செப்டம்பர் 21-இல் வந்த 2.0, வி-யின் திறன்கள் கிளைகிளையாக வளரும் திறன் மரத்தையே பிடுங்கிப் புதிதாக நட்டது. முன்பு 'சேதம் 3 சதவீதம் கூடும்' என்ற மாதிரி உப்புச்சப்பில்லாத திறன்கள்தான் வரிசையாக இருக்கும். இப்போது ஒவ்வொன்றும் கையில் உணர்கிற மாதிரி இருக்கிறது: வாளால் தோட்டாவைத் தட்டிவிடலாம், காற்றில் பாயலாம். உடைக்கு இருந்த கவச எண்ணை உடம்பில் பொருத்தும் இயந்திரங்களுக்கு மாற்றினார்கள். அதனால் பிடித்த சட்டையைப் போட்டுக்கொள்ளலாம், எண் அதிகம் என்பதற்காகப் பொருத்தமில்லாத தொப்பியும் கண்ணாடியுமாகத் திரிய வேண்டாம். போலீஸ் முன்பு முதுகுக்குப் பின்னாலேயே முளைத்தது. இப்போது காரில் துரத்துகிறது, ஐந்து நட்சத்திரம் வந்தால் மேக்ஸ்டேக் என்ற சிறப்புப் போலீஸ் படை இறங்குகிறது. 2023 டிசம்பரில் 2.1 வந்தபோது மெட்ரோ ரயிலில் உட்கார்ந்து பயணம் செய்ய முடிந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் ஊரைப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடம் எனக்கு நூறு சில்லறைச் சண்டைகளைவிடப் பெரிது.

மாறாதது: பழைய ஊரின் பழைய வேலைகள். அதே கிடங்கு, அதே மூன்று கதவு, அதே போன். சண்டை போடும் விதம் இனிதானதால் சலிப்பு தாமதமாக வருகிறது. வருவது வருகிறது.

பேன்டம் லிபர்ட்டி விரிவாக்கம் எப்படி?

வாங்குங்கள். 2023 செப்டம்பர் 26-இல் வந்தது. டாக்டவுன் என்ற, சுவர் வைத்து அடைத்த ஒரு வட்டாரம். விமானத்தோடு விழுந்த அமெரிக்க அதிபர் ரோசலிண்ட் மையர்ஸ், பழைய உளவாளி சாலமன் ரீட், யாரை நம்புவது என்று கடைசிவரை குழப்பும் ஹேக்கர் சாங்பேர்ட். ரீடாக இட்ரிஸ் எல்பா நடித்திருக்கிறார்.

முக்கியமான செய்தி இதன் சின்ன வேலைகளில் இருக்கிறது. டாக்டவுனின் ஃபிக்ஸர் மிஸ்டர் ஹேண்ட்ஸ் கொடுக்கும் வேலைகளும் போனில்தான் தொடங்குகின்றன. ஆனால் உள்ளே போனதும் நிலைமை மாறுகிறது, தேடிப் போன ஆள் பேசுகிறார், சொன்ன கதை பொய் என்று தெரிகிறது, யார் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. விமர்சனத்தைக் கேட்டிருக்கிறார்கள். இதையே முதலில் செய்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இதிலும் வானத்திலிருந்து விழும் சரக்குப் பெட்டிகளும் எல் கேப்பிட்டனுக்காகக் கார் திருடிக் கொடுப்பதும் முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும். அவற்றை இரண்டு மூன்று முறை செய்துவிட்டு விட்டுவிடலாம்.

கண்டிப்பாகத் தவறவிடக் கூடாதவை எவை?

ஜாக்கியின் உடலை அவன் குடும்பத்துக்கு அனுப்பச் சொன்னால், பிற்பாடு அவன் அம்மா ஒரு நினைவுச் சடங்குக்கு அழைப்பார். மெக்சிகோ வழக்கப்படி இறந்தவருக்குப் பிடித்த பொருள்களை வைத்து அலங்கரிக்கும் ஒஃப்ரெண்டா. அவன் கேரேஜுக்குப் போய், அவனுடைய சாமான்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜாக்கியின் காதலி மிஸ்டி. அவளுக்கும் அவன் அம்மாவுக்கும் ஆகாது. அவள் வரத் தயங்குவாள், அழைத்துப் போகலாம். மதுக்கடையில் எல்லாரும் ஒவ்வொருவராக எழுந்து அவனைப் பற்றிப் பேசுவார்கள், உங்கள் முறையும் வரும். ஒரு தோட்டாகூட வெடிக்காது. ஊரில் துக்க வீட்டில் உட்கார்ந்திருந்த எவருக்கும் அந்த அறையின் அமைதி புரியும்.

பிரெண்டன் என்ற குளிர்பான விற்பனை இயந்திரம். வழியில் கூப்பிட்டுப் பேசும். முன்னால் மறைத்துக்கொண்டிருக்கும் குப்பைத் தொட்டியை நகர்த்தச் சொல்லும். போகும்போதெல்லாம் நின்று பேசுங்கள். எத்தனையோ மனிதப் பாத்திரங்களைவிட அது மனதில் நிற்கிறது.

மேயர் வேட்பாளர் ஜெஃபர்சன் பெராலெஸும் அவர் மனைவியும் தங்கள் வீட்டில் ஏதோ சரியில்லை என்று வி-யை அழைக்கும் கதை. எங்கே போய் முடிகிறது என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் மரண தண்டனைக் கைதி ஜோஷுவாவின் கதை. சாதாரண கொலை ஒப்பந்தமாகத் தொடங்கும். சுட்டுவிட்டால் அத்தோடு சரி. சுடாமல் அவரோடு காரில் ஏறினால், அவர் சாவைப் பதிவுசெய்து விற்கத் துடிக்கும் ஒரு ஸ்டுடியோ, அவர் கொன்றவனின் குடும்பம், ஒரு சாப்பாட்டு மேசை, கடைசியில் சிலுவை. ஆணியும் சுத்தியலும் வி-யின் கைக்கே வரலாம். இதை முடித்துவிட்டு நான் அன்று வேறு எதையும் ஆடவில்லை.

சலிக்காமல் ஆட ஏதாவது வழி?

மேப்பில் ஃபில்டர் இருக்கிறது. போலீஸ் ஐகான்களை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகு ஊர் வேறு மாதிரி தெரியும். வழியில் தானாக எதிர்ப்பட்டால் நின்று சண்டை போடுங்கள், தேடிப் போகாதீர்கள். ஃபிக்ஸர் வேலைகளை ஒரே நாளில் வரிசையாகச் செய்யாதீர்கள். ஒரு நாளுக்கு ஒன்று, மெசேஜை முழுக்கப் படித்துவிட்டு. வி-க்கு நெருக்கமாகும் பனாம், ஜூடி, ரிவர், கெர்ரி ஆகிய நால்வரிடமிருந்து போன் வந்தால் மற்றதை வைத்துவிட்டுப் போங்கள். அவர்கள் கதைகள்தான் இந்த கேமின் நெஞ்சு. எல்லாவற்றையும் நூறு சதவீதம் முடிக்க நினைப்பவர்களுக்கு இந்த கேம் தண்டனையாகிவிடும். கார் வேகத்தைக் குறைத்து, சாலை விதிப்படி ஓட்டிப் பாருங்கள். மழை இரவில் ஜப்பான் டவுன் வழியாக.

என் கம்ப்யூட்டரில் ஓடுமா? தமிழ் உண்டா?

சுமார் 70 ஜிபி இடம் வேண்டும், 2.0-க்குப் பிறகு எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பகம் கட்டாயம். பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல்களுக்கு 2.0-உம் விரிவாக்கமும் வரவில்லை. அதில் வாங்காதீர்கள். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ், 2025 ஜூனில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2, அதே ஆண்டு ஜூலையில் வந்த மேக் பதிப்பு எல்லாம் சரி.

தமிழில் குரலும் இல்லை, சப்டைட்டிலும் இல்லை. கதைக்குள் ஓர் அழகான விஷயம் இருக்கிறது: ஜப்பானிய மொழியிலோ ஸ்பானிஷிலோ ஒருவர் பேசினால், முதலில் அவர் மொழி எழுத்தாகத் தோன்றி, கண் முன்னாலேயே உங்கள் மொழிக்கு மாறும், வி-யின் மூளையில் இருக்கும் சிப் மொழிபெயர்ப்பதுபோல. தமிழ் எழுத்து அப்படி ஒருநாள் திரையில் கரைந்து தோன்றினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பிள்ளைகள் ஆடலாமா?

கூடாது. 18 வயதுக்கு மேல்தான். கேட்கவே வேண்டாம் என்கிற அளவுக்கு ரத்தமும் பாலுறவுக் காட்சிகளும் உண்டு.

அடுத்த பாகம் வருமா?

2022 அக்டோபரில் 'ஒரையன்' என்ற பெயரில் அறிவித்தார்கள், 2025 மே மாதம் 'சைபர்பங்க் 2' என்று பெயரைச் சொன்னார்கள். கேமை உருவாக்கப் பயன்படும் மென்பொருளான சொந்த எஞ்சினை விட்டுவிட்டு அன்ரியல் எஞ்சின் 5-க்கு மாறுகிறார்கள். முதல் பாகம் 2024 நவம்பருக்குள் 3 கோடிப் பிரதிகள் விற்றுவிட்டது. 2022-இல் கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தின் 'லேபர் ஆஃப் லவ்' விருதும் வாங்கியது. பணத்துக்கும் பெயருக்கும் இனிக் குறைவில்லை.

அதில் ஊரைப் பெரிதாக்க வேண்டாம் என்பதுதான் என் ஆசை. நாலு தெரு போதும். அந்த நாலு தெருவில் ஒவ்வொரு கதவையும் தட்டினால் ஒரு மனிதர் வந்து திறக்கட்டும்.